மாப்பிள்ளை வந்திருக்கார்

என் வீட்டுக்காரரின் விமான எஞ்சினியர் லைசென்ஸை ரத்து செய்து வந்த கடிதத்தில் அவர் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. எங்கள் கம்பெனி மேனேஜரின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் நான் படித்தது இல்லாத அந்தப் பெயரைத்தான்.

எங்கள் கம்பெனியில் இரண்டே விமானங்கள். இரண்டும் இறக்கையில் புரொப்பெல்லர் சுற்றும் பழைய ரகம், நாற்பத்தெட்டு இருக்கை. ஜெட் விமானம் இறங்க முடியாத குட்டையான ஓடுபாதைகளில்தான் எங்கள் பிழைப்பு. ஒன்று மலையூருக்குப் போகும், இன்னொன்று துறைமுகத்துக்கு. வாலில் எழுதிய எண்களைச் சொல்லி, விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. முதலில் வாங்கியது பெரிய வீடு, பிறகு வந்தது சின்ன வீடு. மெக்கானிக்குகளில் மூத்தவனுக்கு முழங்கை வரை எப்போதும் கறுப்பு, அதனால் கிரீஸ் என்று கூப்பிடுவோம். அவன் வைத்த பெயர்கள் இவை. "ரெண்டு வீட்டையும் சண்டையில்லாம ஓட்டுறதுக்கு நம்ம முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்" என்பான். உண்மையில் இரண்டு வீட்டிலும் பட்டினிதான்.

நான் ரெக்கார்டு அறையில் வேலை பார்த்தேன். ஹாங்கரின் ஓரத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. எந்தப் பாகத்தைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள், யார் கையெழுத்து, எல்லாம் என் அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு முறை விமானம் கிளம்பும் முன்பும் அதன் லாக் புத்தகத்திலிருந்து ஒரு கார்பன் நகலைக் கிழித்து நான் வாங்கிக்கொள்ள வேண்டும். விமானம் திரும்பி வராமல் போனாலும் தரையில் ஒரு தாள் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தாளை வாங்கும்போதெல்லாம் விமானத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். ஒரு மாதத்தில் பஸ் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

மாப்பிள்ளை யார் என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சில பாகங்கள் கெட்டுப்போனாலும் விமானம் பறக்கலாம் என்று விதிப்புத்தகம் அனுமதிக்கிறது. பத்து நாள் கெடு. பைலட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சில நிபந்தனைகள் உண்டு, பத்து நாளுக்குள் சரிசெய்துவிட வேண்டும். பெரிய கம்பெனிகளில் அன்று மாலையே புதுப் பாகம் வந்துவிடும். எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வர பதினோரு வாரம். அதனால் ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ கெட்ட பாகத்தைப் பெரிய வீட்டிலிருந்து கழற்றிச் சின்ன வீட்டில் மாட்டுவார்கள். சின்ன வீட்டின் நல்ல பாகம் பெரிய வீட்டுக்குப் போகும். புது இடத்தில் புதிதாகப் பத்து நாள் தொடங்கும். அது முடிந்ததும் திரும்ப இங்கே. இரண்டு வீட்டிலும் மாறி மாறித் தங்கி, வேலை எதுவும் செய்யாமல் மரியாதையை மட்டும் வாங்கிக்கொள்கிறவரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கெட்டது என்று தெரிந்தே ஒரு பாகத்தை மாட்ட விதியில் இடமில்லை. அதனால் மாட்டும்போது "சோதித்தேன், சரியாக உள்ளது" என்று எஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும். விமானம் ஒருமுறை பறந்து வந்த பிறகு "புதிதாகக் கெட்டுவிட்டது" என்று எழுதுவார்கள். ஆக, நடுவில் ஒரே ஒரு பயணத்தில் பைலட் கையில் இருக்கும் காகிதம் பொய் சொல்லும். அந்த ஒரு பயணத்துக்காக ஹாங்கரில் ஒரு வழக்கம் இருந்தது. கிளம்பும் முன் யாராவது ஒருவர் பைலட்டின் காதோடு சொல்லிவிடுவார்கள்: "மாப்பிள்ளை வந்திருக்கார்." கேட்டவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பாகம் செத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுவார். காகிதத்தில் ஏறாத இந்த ஒரு வரிதான் எங்கள் எல்லோரையும் உயிரோடு வைத்திருந்தது. மேனேஜருக்கு இது தெரியாது. அவர் அளவுக்கு எட்டாத, கீழே இருக்கிறவர்களின் வழக்கம் இது.

மேனேஜருக்கு கிரீஸ் வைத்த பெயர் பேனாமூடி. சட்டைப் பையில் தங்கக் கிளிப் வைத்த பேனா எந்நேரமும் இருக்கும், மூடியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. எல்லாம் வாய் வார்த்தைதான். "பாத்துச் செய்யுங்கப்பா." "நான் இருக்கேன்ல?" அவரும் ஒரு காலத்தில் எஞ்சினியர்தான். லைசென்ஸை வருடா வருடம் புதுப்பித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் என் வீட்டுக்காரர் போட்ட கையெழுத்துக்குப் பின்னால் பேனாமூடியின் போன் இருந்தது. "போட்டு விடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்." தரையில் ஓடும்போது முன் சக்கரத்தைத் திருப்பும் பெட்டி, செங்கல் அளவுதான். வெயிலில் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்யும், ஈரம் பட்டால் செத்துப்போகும். அன்றைக்கு வந்த கேப்டன் வெளியிலிருந்து வாடகைக்கு வந்தவர். மாப்பிள்ளை செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. மலையூரில் இறங்கி, சக்கரம் திரும்பும் என்று நம்பி வேகத்தோடு திருப்பினார். விமானம் பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. யாரும் சாகவில்லை. துணைப் பைலட்டுக்கு முதுகெலும்பு போனது. இன்றைக்கும் அந்தப் பையன் இரண்டு கோலோடு நடக்கிறான்.

விசாரணையில் பேனாமூடி சொன்னது ஒரே வாக்கியம்: "நான் அப்படிச் சொன்னதா எந்த ரெக்கார்டும் இல்லையே."

அந்த ரெக்கார்டை வைத்திருந்தவள் நான். அவர் சொன்னது உண்மை.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் வாசலறையில் மேசை போட்டு மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். நல்ல கை. கூட்டம் வந்தது, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு போதுமா என்றால் ம். மழை வருகிறது என்றால் ம். நானும் அவரும் ஒரே வீட்டில் இரண்டு மௌனங்களாக உட்கார்ந்திருந்தோம். அவருடையது எதைப் பற்றியது என்று நான் கேட்கவில்லை. அவமானம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

என் அக்கா கேட்டாள்: "அந்தாளு மூஞ்சில தினமும் எப்படிடீ முழிக்கிற? வேலைய விட்டுத் தொலை."

"விட்டா எப்படிக்கா முழிக்கிறது?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பேனாமூடியின் கையெழுத்து, பொய்யான ஒரு வரிக்குக் கீழே, என் அலமாரியில். அதற்கு நான் எதையும் செய்யத் தேவையில்லை. அவரைச் சுற்றிக் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் போகும் நாள் வரை உட்கார்ந்திருந்தால் போதும்.

அது தானாகவே நடந்தது. இரண்டு விமானக் கம்பெனிக்கு இதுதான் தலையெழுத்து. ஒரு பையனை எடுத்து, படிக்க வைத்து, லைசென்ஸ் வாங்க வைத்து, கை தேறும் நேரத்தில் பெரிய கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போவான். பைலட்டுகளும் அப்படியே. எங்கள் விமானத்தில் மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டு ஜெட்டுக்கு ஓடிவிடுவார்கள். "நம்மளது கம்பெனி இல்லக்கா, பயிற்சிப் பள்ளிக்கூடம். டிசி வாங்க மட்டும் வருவாங்க" என்று சொன்ன கிரீஸே ஒருநாள் டிசி வாங்கிக்கொண்டு போனான். கடைசி எஞ்சினியர் போனது அதற்கு அடுத்த மாதம். போகும்போது பேனாமூடியின் கையைக் குலுக்கி, "நீங்களும் எஞ்சினியர்தானே சார், சமாளிச்சுடுவீங்க" என்றான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் கையிலிருந்த தாளைத் தலைகீழாகக் கோப்பில் செருகினேன். சந்தோஷத்தில்.

முன் சக்கரத்தைத் திருப்பும் அதே பெட்டி, ரிப்பேருக்குப் போய் வந்தும், மறுபடி கெட்டிருந்தது. பெரிய வீட்டில் பத்தாவது நாள். மலையூர்த் தடத்தில் அந்த மாதம் ஏற்கெனவே ஐந்து பயணம் ரத்து. ஆறாவது ரத்தானால் அரசாங்கம் தடத்தையே பிடுங்கிக்கொள்ளும். அன்று இரண்டு விமானமும் பறந்தாக வேண்டும், மலையூர் முறை சின்ன வீட்டுக்கு. புதிதாகச் சேர்ந்த இரண்டு மெக்கானிக்குகள் சொன்னதைச் செய்து பெட்டிகளை மாற்றினார்கள். காலை ஒன்பதரைக்கு பேனாமூடி என் அறைக்கே லாக் புத்தகத்தோடு வந்தார்.

"என்னம்மா, எங்க போடணும்?"

"இங்க சார். சோதிச்சீங்களா?"

"வெயில்ல நல்லாத்தான் திரும்புது."

"அப்ப, சரியா உள்ளதுன்னு போட்டு, கீழ கையெழுத்து சார்."

அவர் பேனாவை எடுத்தார். மூடி இறுகியிருந்தது, இரண்டு தடவை திருக வேண்டியிருந்தது. மை வரவில்லை. உதறினார். நான் என் பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போடும்போது அவர் உதடு லேசாக அசைந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பத்திரமாக அந்தப் பக்கத்தை ஊதிக் காயவைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. விமானம் கிளம்பும் வரை அந்தக் கையெழுத்துக்கு உயிர் இல்லை. ஒரு கோடு கிழித்து "தவறுதலாக" என்று எழுதிவிட்டால் முடிந்தது, வெறும் கவனக்குறைவு. அதில் ஏறி ஆட்கள் பறந்துவிட்டால்தான் அது குற்றம். அதாவது, பேனாமூடி விழ வேண்டுமானால் சின்ன வீடு ஒருமுறை பறக்க வேண்டும். மலையூரில் பத்து மணிக்கு மேல் மழை என்று வானிலைத் தாள் என் மேசையிலேயே இருந்தது.

கேப்டன் என் தங்கை வயதுப் பெண். கறாரானவள், ஆனால் வாய் சும்மா இருக்காது. சந்தேகம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் விமானத்தை எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஏணியடியில் நின்று தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோங்கக்கா. நான் போய்ச் சேந்துட்டா இதுதான் என் ஜாதகம்."

"காலங்காத்தால என்ன பேச்சு இது."

"சரி சரி. வேற ஏதாவது சேதி உண்டா?"

வழக்கமாக எல்லாப் பைலட்டுகளும் கேட்கும் கேள்விதான். மாப்பிள்ளை வந்திருக்காரா என்பதற்கு அதுதான் மறுபெயர். கிரீஸ் இருந்தால் சொல்லியிருப்பான். புதுப் பையன்களுக்கு வழக்கமே தெரியாது. ஹாங்கரில் இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் ஏறினாள். எனக்குப் பின்னால் பயணிகள் வந்தார்கள். ஊன்றுகோலோடு ஒருவர், மருந்துப் பெட்டியோடு ஒரு நர்ஸ், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்ட ஒருவன். நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமில்லை, என் கையிலிருந்த தாளிலேயே எண்ணிக்கை இருந்தது. ஏணியைத் தூக்கினார்கள். புரொப்பெல்லர்கள் சுற்றத் தொடங்கின. இரண்டு அடி முன்னால் போய்க் கையைத் தூக்கியிருக்கலாம். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

மலையூருக்கு நாற்பது நிமிடம். ரேடியோ அறையில் உட்கார்ந்தேன். பேனாமூடியும் வந்து எதிரில் உட்கார்ந்தார். ரேடியோக்காரர் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பேனாமூடியின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டே ரெண்டு பிளேனை வச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே" என்றார். "ஒரு டயர் வாங்கணும்னா பத்து பேர் காலப் பிடிக்கணும். இந்தத் தடம் போயிட்டா அந்த மலை ஜனங்களுக்கு ஒன்பது மணி நேரம் பஸ். யாருக்கும்மா இது புரியுது?"

"புரியுது சார்."

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"இருக்கார் சார்."

"அந்த மாதிரி கை வராதும்மா."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் கடைசியாக இருந்த ஈரமும் காய்ந்தது. இவ்வளவும் தெரிந்துதானே செய்தாய் என்று நினைத்தேன். அவர் கழுத்தில் ஒரு வியர்வைத் துளி இறங்கிக் காலருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பயப்படுவது எனக்கு இனித்தது. அதே பயம் எனக்கும் இருந்தது, ஆனால் அதை நான் கண்டுகொள்ளவில்லை.

மலையூரிலிருந்து முதலில் மழை என்று செய்தி வந்தது. பிறகு ஓடுபாதை ஈரம். பிறகு ஒன்றும் இல்லை. ரேடியோக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் நான் யாரையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொண்டால் எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"இறங்கிடுச்சு" என்றார் ரேடியோக்காரர். "முன் சக்கரம் திரும்பலையாம். கேப்டன் பிரேக்கை வச்சே நிறுத்தியிருக்கு. ஓரத்துக்கு நாலடி இருக்கறப்ப நின்னுச்சாம். எல்லாரும் பத்திரம்."

பேனாமூடி கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து என் அறைக்குப் போய், மடித்த தாளையும், அந்தப் பெட்டி முந்தின நாள் வரை பெரிய வீட்டில் கெட்டுக் கிடந்ததற்கான தாளையும் ஓர் உறையில் போட்டேன். உறையில் முகவரி மூன்று வருடமாக எழுதியே இருந்தது. மதிய உணவு நேரத்தில் விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, சீல் வைத்த ரசீது வாங்கினேன்.

கேப்டன் மறுநாள் ஒருமுறை என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவள் இல்லை. அந்த வாரமே அவளும் ஜெட் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

பதினெட்டு நாளில் எல்லாம் முடிந்தது. பேனாமூடியின் லைசென்ஸ் ரத்து. கையெழுத்துப் போட ஆளில்லாததால் இரண்டு வீடும் ஹாங்கருக்குள் போயின. மலையூர்த் தடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். கண்ணாடிச் சட்டம் இருந்த சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம். ரத்து உத்தரவின் நகல் ரெக்கார்டுக்காக என்னிடம்தான் வந்தது. அதில் அவர் பெயரை எண்ணினேன். ஐந்து இடம். என் வீட்டுக்காரருக்கு நான்கு. ஒன்று அதிகம்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். வாசலறையில் அவர் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். ஸ்குரூக்களை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தார். உத்தரவை அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று வருடமாக மனதுக்குள் எத்தனையோ முறை வைத்த தாள். படித்து முடித்ததும் அவர் முகம் எப்படி மாறும் என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி பார்த்திருக்கிறேன்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படித்தார். மெதுவாக, இரண்டு பக்கமும்.

"மழையா அன்னிக்கு?" என்றார்.

"ஆமா."

"எத்தனை பேர்?"

"பயணிங்க முப்பத்தெட்டு. கேப்டனோட சேத்து ஊழியருங்க நாலு பேர்."

"கேப்டன்கிட்ட யார் சொன்னது, மாப்பிள்ளை வந்திருக்காருன்னு?"

நான் தட்டிலிருந்த ஸ்குரூக்களைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிரீஸ் போய்விட்டது அவருக்குத் தெரியும். ஹாங்கரில் யார் யார் மிச்சம் என்பதும் தெரியும். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து என்னிடம் நிற்பதை அவர் கண்ணில் பார்த்தேன்.

"அவன் உங்களை என்ன பண்ணினான்னு மறந்துட்டீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசல நீங்க. உங்களுக்காகத்தான் செஞ்சேன். அவமானத்துல செத்துக்கிட்டு இருக்கீங்களேன்னு."

"அவமானம் இல்ல."

"பின்ன?"

தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"அன்னிக்கு நான் ஓடினேன்" என்றார். "அந்த கேப்டன் புதுசு, அவருக்கு யாரும் சொல்லலன்னு தெரிஞ்சதும் ஓடினேன். ஏணியத் தூக்கிட்டாங்க. விசிறி சுத்துது. பைலட் கண்ணாடிக்கு நேரா நின்னு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், வேணாம் வேணாம்னு. அந்தத் துணைப் பைலட் பையன் என்னைப் பாத்தான். டாட்டா காட்டுறேன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டே அவனும் கையாட்டினான்."

அவர் ஒரு ஸ்குரூவை எடுத்தார், பார்த்தார், அதே இடத்தில் வைத்தார்.

"அந்தக் கைதான். தினமும். வேற ஒண்ணும் இல்ல."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். பேனாமூடி விழுந்துவிட்டான், அது உண்மை, அதை யாராலும் மாற்ற முடியாது. இப்போதும் அவன் முகத்தை நினைத்தால் எனக்கு இரக்கம் வரவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ எங்க நின்னிருந்த," என்றார் அவர், "அது கிளம்பறப்ப?"

"ஏணிக்குப் பக்கத்துல."

"பக்கத்துலயேவா?"

"ஆமா."

அவர் தலையாட்டினார். உத்தரவை மடிப்புக் கலையாமல் மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு விளக்கைக் கிட்ட இழுத்துவைத்து, மிக்ஸியின் அடிப்பகுதியைத் திருப்பி, அடுத்த ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.